இவ்வளவு வேண்டாம்

"சத்தம் ரொம்ப மரியாதையா இருக்குக்கா"
என்று ஆம்ப்பை மேசைமேல் இறக்கினான் பாசித்.
இருபத்திரண்டு கிலோ. மாடி ஏறியதில் மூச்சு வாங்கினான்.
கீழே டயர் ரீட்ரெடிங் கடையில்
ரப்பர் வெந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணகிரிக்கு மாம்பழ சீசன்.
பகலெல்லாம் பல்ப் கம்பெனியில்
கன்வேயர் பேனலைத் திறந்து மூடிய கை;
சோப்புப் போட்டும் பெங்களூரா வாசம் போகவில்லை.
அந்தக் கையால் முதுகுப் பலகையைக் கழற்றினேன்.
வால்வு சின்னது மூன்று, பெரியது இரண்டு.
அணைத்த பிறகும் கண்டென்சருக்குள்
நானூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்.
வடிய விட்டேன்.
பிறகும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே
வேலை செய்வேன். திமிர் என்று நினைத்திருப்பான்.

இதோ பார், இந்த நீல ஒயர்.
ஸ்பீக்கர் முனையிலிருந்து திரும்பி வருகிறது.
வெளியே போன பேச்சில் ஒரு துளியை
தலைகீழாக்கி உள்ளே கொண்டுவந்து சொல்கிறது:
இவ்வளவு வேண்டாம்.
எதிரொலி இல்லை இது.
சையத் பாஷா மலையில் கத்தினால்
தாமதமாக வரும், நீ சொன்னதையே சொல்லும்.
இது உடனே வரும். மறுத்துச் சொல்லும்.

"யாஸ்மின் மாதிரி" என்றான்.
கீபோர்டு வாசித்தவள்.
ஒவ்வொரு பாட்டு முடிந்ததும்
கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
இத்தனூண்டு இடைவெளி காட்டி, "கொஞ்சம் ஓவர்" என்பாளாம்.
மார்ச்சிலிருந்து ஓசூரில் வேறு குழு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சால்டரிங் அயர்ன் சூடாகியிருந்தது.

நாற்பத்தேழு கிலோ ஓமை எடுத்துவிட்டு நூறு வைத்தேன்.
தடை கூடினால் மறுப்பு குறையும்.
பரவாயில்லை என்றான்.
இருநூற்றிருபது வைத்தேன்.
ஒயரையே தூக்கிவிடுங்கக்கா என்றான்.

தூக்கினேன்.
தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்த லாரி
டோல்கேட்டில் நிற்காமல் போனது போல எழுந்தது சத்தம்.
மேலே பல் முளைத்திருந்தது.
கீழ் ஸ்வரங்கள் தொளதொளவென்று தொங்கின.
கண்ணை மூடிக்கொண்டு நான்கு நிமிடம் வாசித்தான்.
தந்தியை உள்ளங்கையால் அமுக்கிய பிறகும்
ஸ்பீக்கர் காகிதம்
நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வெகுநேரம்.
"திரும்ப மாட்டிடலாமா?"

மணி பதினொன்று.
தூக்கக் கலக்கத்தில் டிரான்ஸ்பார்மரின்
பச்சையும் கறுப்பும் இடம் மாறிவிட்டன.
சுவிட்சைப் போட்டதும்
கிடாரைச் செருகாமலே அலறியது ஆம்ப்.
திரும்பி வந்த துளி இப்போது
ஆமாம் என்றது, இன்னும் என்றது,
இன்னும் இன்னும் என்றது.
ராயக்கோட்டை ரோட்டு நாய்கள் அத்தனையும் பதில் சொல்லின.
கீழேயிருந்து குப்புராஜ் ஓடிவந்து,
கையில் டயர் லீவரோடு,
"யாரைப் போட்டு அடிக்கிறீங்க?" என்றான்.

அணைத்து, வடிய விட்டு, ஒயர்களை மாற்றினேன்.
பின்பலகையில் ஓட்டை போட்டு
ஒரு திருகு குமிழ் வைத்தேன்.
கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டர்:
கடைசிவரை திருகினாலும்
அந்த மறுப்பு குரல்வளையைப் பிடிக்காமலிருக்க.
குமிழுக்குமேல் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
யோசித்தான். மார்க்கரை மூடிக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை போன் செய்தான்.
"அக்கா, எங்க வச்சா சரி?"
வாசிக்கிறவனுக்குத் தெரியாதுடா, என்றேன்.
எதிரே உட்கார்ந்து யாராவது கேட்டுச் சொல்லணும்.
அந்தப் பக்கம் அமைதி.
அதற்குப் பின்னால் ஒரு கண்டக்டர்,
ஓசூர் ஓசூர் ஓசூர் ஓசூர் என்று.

பாக்கி முந்நூறு ரூபாய்
இன்னும் வரவில்லை.